ஆறாம் அத்தியாயம்: ஆத்திரமும் நிதானமும்

தமிழில் ‘ஆத்திரம்’ என்ற சொல்லுக்கு அவசரம் என்றும் பொருள் உண்டு, கோபம் என்றும் பொருள் உண்டு. வெவ்வேறாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் நம் முன்னோர் ஒரே பெயரை இட்டு வைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நாற்பது ஆண்டுகளாகப் பலதரப்பட்ட காரியாலயங்களில் பணியாளனாகவும் பிறகு மேலாளனாகவும் காலம் கழித்த எனக்கு, அந்தப் பெயரிடலில் ஆழ்ந்த அனுபவம் ஒன்று ஒளிந்திருப்பதாகவே படுகிறது. நேரம் போய்விட்டது என்று நினைக்கும் மனிதனே கோபம் கொள்கிறான். நேரம் இருக்கிறது என்று அறிந்தவன் பெரும்பாலும் கோபம் கொள்வதில்லை. அதன் எதிர்ச்சொல்லான ‘நிதானம்’ இன்னும் சுவையானது. சாந்தம், அவசரமின்மை என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். ஒன்றை அளந்து மதிப்பிடுவதையும் ‘நிதானிப்பது’ என்கிறோம். ஆயுர்வேத வைத்தியர்களோ நோயின் காரணத்தைக் கண்டறியும் சாஸ்திரத்துக்கே நிதானம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், ‘மாதவ நிதானம்’ என்ற பழைய நூலின் பெயரில் இருப்பதும் அந்தப் பொருள்தான். ஆகவே நிதானமாக இரு என்று ஒரு தலைவருக்குச் சொல்லும்போது, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்வதாக அவர் எண்ணிவிடக் கூடாது. அள, மதிப்பிடு, காரணத்தைத் தேடு என்பவையும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே அடங்கியிருக்கின்றன; அவற்றைச் செய்கிறவருக்கு முகச் சாந்தம் தானாக வந்துவிடுகிறது, அவற்றை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அடக்கிக்கொள்பவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் அது நிற்பதில்லை.

இதை எனக்கு முதன்முதலில் கற்பித்தவர் ஓர் அச்சுக்கூடத்துப் போர்மன். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. நான் புரூப் திருத்துபவனாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தீபாவளி மலர் ஒன்று மறுநாள் காலையில் பைண்டருக்குப் போயாக வேண்டும். இரவு எட்டு மணி சுமாருக்கு, எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு பாரத்தை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, இரண்டு பேர் மெஷினை நோக்கித் தூக்கிச் சென்றபோது, பின்னால் பிடித்திருந்த பையனின் கை நழுவி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஐந்து பக்கத்து எழுத்துக்கள் பொலபொலவென்று சிமெண்டுத் தரையில் கொட்டின. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை நான் அறிவேன். ஆனால் சிதறுதல் என்றால் இன்னதென்று அன்றுதான் கண்ணால் கண்டேன். மானேஜர் தம் அறையிலிருந்து ஓடிவந்து, “எவன்டா போட்டது?” என்று கத்தினார்.

போர்மன் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மெஷின்காரரைப் பார்த்து, “இப்ப ஓடிக்கிட்டிருக்கிற பாரம் எத்தனை மணிக்கு இறங்கும்?” என்று கேட்டார். ஒரு மணிக்கு இறங்கும் என்றார் அவர். “அப்ப அஞ்சு மணி நேரம் இருக்கு” என்றார் போர்மன், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாக. அந்த ஒரு வாக்கியத்தில் அந்தக் கூடத்தின் காற்றே மாறிவிட்டது என்றால் மிகையாகாது. அடுத்து, எது எது நிற்கிறது என்று பார்த்தார்: மூன்று பக்கங்கள் சட்டத்தோடு குலையாமல் நின்றன, திருத்தி முடித்த புரூப் எட்டுப் பக்கத்துக்கும் என் மேஜையில் இருந்தது, பின்னொரு பாரத்துக்கென்று வைத்திருந்த முழுப்பக்க விளம்பர பிளாக் ஒன்று தயாராக இருந்தது. விளம்பரத்தை முன்னுக்கு இழுத்துக்கொண்டால் கோக்க வேண்டியது நான்கே பக்கம். கம்பாசிட்டர்களும் நான்கு பேர். ஆளுக்கு ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தார். தரையில் கிடந்த எழுத்துக்களை ஒருவர் பொறுக்கிப் பிரிக்க ஆரம்பித்தபோது, “இன்னைக்கு அது வேண்டாம், சாக்குல அள்ளி ஓரமா வை” என்றார். நடுங்கிக்கொண்டு நின்ற பையனிடம், “தம்பி, போய் ஆறு டீ வாங்கிட்டு வா” என்று காசைக் கொடுத்தனுப்பினார். அது தேநீர் ஆசையால் அல்ல, மானேஜரின் கண்ணிலிருந்து அவனை அப்புறப்படுத்துவதற்காக என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. பன்னிரண்டே முக்காலுக்குப் பாரம் தயாராயிற்று.

அவர் செய்தவற்றைப் பிரித்துப் பார்த்தால், இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் சங்கதிகளில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. முதலாவது, உட்கார்ந்தார். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் விபரீதச் செய்தி ஒன்று காதில் விழுந்த க்ஷணத்தில், சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தம் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன; நாடி விரைகிறது, வாய் உலர்கிறது, குரல் உயர்கிறது, கவனம் ஒரே புள்ளியில் குவிந்து மற்றவை கண்ணில் படாமல் போகின்றன. புலியைக் கண்டு ஓடவோ எதிர்த்து நிற்கவோ இது மிக உத்தமமான ஏற்பாடு. ஐந்து பக்க எழுத்துக்கள் சிதறியபோது இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மனத்தை அடக்கு என்று உபதேசிப்பது எளிது, மனம் கேட்பதில்லை. உடம்போ சொன்னதைக் கேட்கிறது. நாற்காலியில் அமருங்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஏழோ எட்டோ எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது நாடித்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும்; ஆகவே வெளிமூச்சை நீட்டுவதில்தான் பயன் இருக்கிறது, ஆழ இழுப்பதில் அல்ல. ஐந்தாறு முறை செய்ய ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் தாமதித்ததால் கெட்டுப்போன காரியம் எதையும் நான் காரியாலயங்களில் கண்டதில்லை, தீ விபத்து ஒன்றைத் தவிர. முதல் வாக்கியத்தை வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் தம் குரலைத் தாமாகத் தாழ்த்துவார்.

இரண்டாவது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். நெருக்கடி வந்ததும் தலைவர்கள் செய்யும் முதல் தவறு, தங்களுக்கு அவகாசமே இல்லை என்று விசாரிக்காமலே முடிவு கட்டிவிடுவது. விசாரித்துப் பார்த்தால் ஐந்து மணி நேரமோ, இரண்டு நாளோ, சில சமயம் ஒரு வாரமோ இருக்கும். நேரம் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும்கூட, இருபது நிமிஷம் என்று எண்ணாகத் தெரிந்த குறைவு, ‘நேரமே இல்லை’ என்ற உருவமற்ற பயத்தைவிடச் சிறந்தது. இருபது நிமிஷத்தைப் பங்கிடலாம், பயத்தைப் பங்கிட முடியாது.

மூன்றாவது, எது எது நிற்கிறது என்று பார்த்தார். இதையே மிகப் பெரிய அளவில் உலகம் கண்டது 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி இரவு. அப்பல்லோ 13 விண்கலம் பூமியிலிருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கையில், அதன் ஆக்சிஜன் தொட்டிகளில் ஒன்று வெடித்தது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் அந்த நேரத்தில் பொறுப்பிலிருந்த இயக்குநர் ஜீன் கிரான்ஸுக்கு வயது 36. ஒவ்வொரு பயணத்துக்கும் மனைவி தைத்துக் கொடுக்கும் வெள்ளை அரைக்கோட்டை அணிந்து பணிக்கு வருபவர் அவர். வெடித்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஏனெனில் யாருக்கும் தெரியாது. திரைகளில் தெரிந்த எண்களோ ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இத்தனை கோளாறு ஒரே கணத்தில் வர முடியாது, அளவு காட்டும் கருவிதான் பிசகியிருக்க வேண்டும் என்று முதலில் எண்ணியவர்கள் அறிவிலிகள் அல்ல, மிகத் தேர்ந்த நிபுணர்கள். அந்தக் குழப்பத்தின் நடுவில் கிரான்ஸ் தம் குழுவினருக்குச் சொன்னதன் சாரம், எல்லாரும் நிதானமாக இருங்கள், ஊகத்தின் மேல் காரியம் செய்து நிலைமையை இன்னும் கெடுத்துவிடாதீர்கள் என்பதே. கலத்தில் இன்னும் நன்றாக வேலை செய்வது எது என்றும் அவர் கேட்டார். எங்கள் போர்மன் அந்த மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்; கேள்வி மட்டும் ஒன்றுதான்.

ஏன் இந்தக் கேள்விக்கு இத்தனை சக்தி என்று நான் யோசித்திருக்கிறேன். என்ன கெட்டது என்று கேட்டால் பதில் புலம்பலாக வருகிறது. அதற்கு எல்லை இல்லை. எது நிற்கிறது என்று கேட்டாலோ பதில் ஒரு சாமான் பட்டியலாக வருகிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தொடங்கலாம். அந்த இரவில் அப்படிக் கிடைத்தது, சந்திரனில் இறங்குவதற்கென்று கூடவே கொண்டு சென்ற சிறு கலம். மூன்று விண்வெளி வீரர்களும் அதற்குள் தஞ்சம் புகுந்தார்கள். பூமிக்குள் நுழையும் கடைசிக் கட்டத்துக்குத் தேவைப்படும் சிறிய ஆக்சிஜன் தொட்டியை, இருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்த அந்த வேளையிலேயே பிரித்து மூடி வைத்தார்கள். தீப்பிடித்த வீட்டில் தண்ணீருக்குத் தவிக்கும்போதே நாளைச் சமையலுக்கு ஒரு குடம் எடுத்து வைப்பது போன்ற காரியம் இது. நிதானமில்லாதவருக்கு இது தோன்றவே தோன்றாது.

இங்கே ஒரு நடைமுறை வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்களுக்குத் தெரிந்தவை, வலப்பக்கம் நீங்கள் நினைப்பவை. ‘சரக்கு வரவில்லை’ என்பது இடப்பக்கம். ‘அந்த மனுஷன் நம்மை ஏமாற்றிவிட்டான்’ என்பது வலப்பக்கம். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நிமிஷத்தில் வலப்பக்கம் நிரம்பி வழியும், இடப்பக்கத்தில் இரண்டு வரிகூடத் தேறாது. இடப்பக்கத்தை வைத்து மட்டும் உத்தரவு போடுவது, வலப்பக்கத்தை ஆள் அனுப்பியோ தொலைபேசியில் கேட்டோ ஒவ்வொன்றாக இடப்பக்கத்துக்கு மாற்றுவது அல்லது அடித்துவிடுவது, இதுவே அடுத்த ஒரு மணி நேரத்து வேலை.

கிரான்ஸ் செய்த இன்னொரு காரியத்தை நம் தலைவர்கள் பலர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். தம் முறை முடிந்ததும் நாற்காலியைக் கிளின் லன்னி என்ற அடுத்த இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் குழுவை வேறோர் அறைக்கு அழைத்துச் சென்று, வீரர்களை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது, இருக்கும் மின்சாரத்தை எப்படிச் சிக்கனம் செய்வது என்ற கணக்கில் அமர்ந்தார். இந்த நிமிஷத்துத் தீயை அணைப்பவர் ஒருவர், மூன்று நாளுக்குப் பின் வரும் சிக்கலைச் சிந்திப்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. நம் ஊர்களிலோ மேலாளர் சிக்கலின் நடுவிலேயே நின்று, ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து, மூன்று நாளும் தூங்காமலிருந்து, அதையே தம் தியாகமாகப் பின்னால் சொல்லிக்கொள்வார். தூங்காதவரின் தீர்மானம் குடித்தவரின் தீர்மானத்துக்கு அதிக தூரத்தில் இல்லை. தவிர, விண்கலத்தோடு பேச ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம். இருபது பேர் தெரிவிக்க வேண்டியதும் அவர் வாய் வழியாகவே போக வேண்டும். வாடிக்கையாளருக்கோ தலைமைக் காரியாலயத்துக்கோ நெருக்கடி நாளில் நான்கு பேர் நான்கு விதமாகப் பதில் சொல்லும் அவலம் உங்கள் நிறுவனத்தில் நடந்திருந்தால், இந்த ஏற்பாட்டை நாளைக்கே செய்துகொள்ளலாம்.

ஹூஸ்டன் குழுவினருக்கு இந்த நிதானம் பிறவியில் வாய்த்ததென்று கருத வேண்டாம். பயிற்சி அறையில் மாதக்கணக்கில் பொய்யான கோளாறுகளைக் கொடுத்து அவர்களைத் திணற வைப்பதற்கென்றே ஒரு குழு அங்கே இருந்தது. ஆண்டுக்கு இரண்டு நாள், ‘இன்று மின்சாரம் நாள் முழுவதும் இல்லை’ என்றோ, ‘கணக்கர் இன்று வரவில்லை, சம்பளப் பட்டுவாடா நாளை’ என்றோ பாவனை செய்து பார்க்கும் காரியாலயங்கள் நம்மிடம் எத்தனை?

நேரத்தைப் பற்றிச் சொன்னேன். நேரம் இருந்தும் இல்லாததுபோல் நம்மை நெருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டபோது, திட்டத்தின் இயக்குநர் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். பிற்காலத்தில் அவரே பலமுறை கூறியபடி, ஏவுவதற்குச் சற்று முன் கணிப்பொறி ஒரு குறையைக் கண்டு நிறுத்தச் சொன்னது. கசிவு இருந்தாலும் இருப்பு போதும் என்று வல்லுநர்கள் சொல்ல, அவர் கணிப்பொறியின் தடையை நீக்கி ஏவச் செய்தார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் எல்லாரும் அதற்குப் பின் நடந்ததையே விரிவாகச் சொல்வார்கள்: இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றதையும், 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி ரோகிணி செயற்கைக்கோள் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்ததும் பேசும் வாய்ப்பைக் கலாமுக்கே விட்டுக்கொடுத்ததையும். அது போற்றத்தக்கதுதான். எனக்கோ அந்தத் தடையை நீக்கிய சில நிமிஷங்களின் மேல்தான் கண். அத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, எண்ணிக்கை இறங்கு முகமாக ஓடிக்கொண்டிருக்கையில், நிறுத்து என்று சொல்லும் திராணி யாருக்கும் எளிதில் வருவதில்லை. ஓடும் கடிகாரமே ஒரு கட்டளையாகிவிடுகிறது. ‘நாளை ஏவினால் என்ன கெடும்?’ என்ற கேள்வியை அன்றைய நெருக்கத்தில் கேட்பதற்கு மேதாவிலாசம் போதாது, முன்னதாகவே ஒரு விதி வேண்டும். ஆகவே உங்கள் தொழிலில் எந்த அடையாளத்தைக் கண்டால் வேலையை நிறுத்துவது என்பதை, சாவகாசமான ஒரு நாளில், எழுத்தில் தீர்மானித்து வையுங்கள். தாம் செய்த அந்தத் தீர்மானத்தைத் தாமே ஊர் ஊராகச் சொல்லி மாணவர்களுக்குப் பாடமாக்கிய கலாமின் பெருந்தன்மை, அந்தத் தோல்வியைவிடப் பெரியது என்பது என் அபிப்பிராயம்.

கோபத்தைப் பற்றி என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலாக ஒரு பிரிவுக்குத் தலைவனான புதிதில், பில் ஒன்றில் நேர்ந்த பிழைக்காக ஒரு குமாஸ்தாவை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தேன். பிழை உண்மைதான்; கண்டனமும் நியாயம்தான். அதன் பின் இரண்டு மாதம் எங்கள் பிரிவில் பிழையே நேரவில்லை என்று நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒரு பெரிய தவறு என் மேஜைக்கு வந்தது. சரிசெய்யும் கெடு கடந்துவிட்டிருந்தது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சார், நீங்க நல்ல மூடுல இருக்கறப்ப சொல்லலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார் அந்தக் குமாஸ்தா. தலைவரின் கோபத்துக்குக் கொடுக்கும் விலை இதுதான்: கெட்ட செய்தி வரத் தாமதிக்கும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய அவகாசத்திலிருந்தே கழியும். கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “சொன்னது நல்லதாயிற்று” என்ற இரண்டு வார்த்தைகள், அடுத்து, “எப்போது தெரிந்தது?” என்ற கேள்வி. பிறகுதான் மற்றவை.

இதற்கு நேர்மாறான ஒரு வகையினரும் இருக்கிறார்கள், அவர்களை நிதானஸ்தர்கள் என்று ஊர் தவறாகப் புகழ்கிறது. எதைச் சொன்னாலும் எருமையின் மேல் மழை பெய்ததுபோல் அசையாமலிருந்து, பார்க்கலாம் என்று கோப்பை ஒதுக்கி வைப்பவர்கள். நிதானத்தில் உள்ள அளவிடும் வேலை எதுவும் அவர்களிடம் இல்லை. அவர்களுக்குக் கீழே பணிபுரிவதைவிடக் கோபக்காரரிடம் பணிபுரிவது எவ்வளவோ மேல்.

அன்றாட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பசியோடு கடிதம் எழுதாதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் கைபேசியில் எழுதும் கண்டனத்தை எழுதுங்கள், ஆனால் காலையில் பல் துலக்கிய பிறகு அனுப்புங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு அனுப்பப்படாமலே போயின. கூட்டங்களுக்கு நடுவே பத்து நிமிஷ இடைவெளி விடுங்கள். ஒரு கூட்டத்தின் எரிச்சலை அடுத்த கூட்டத்தில் கொட்டுவதே காரியாலயச் சண்டைகளில் பாதி.

கடைசியாக, காரணத்தைத் தேடுவது. நெருக்கடியின்போதே யார் குற்றம் என்று ஆராயப் புகுவது ஏன் வீண் என்பதற்கு அப்பல்லோ 13-இன் முடிவே சான்று. வீரர்கள் ஏப்ரல் 17-ஆம் தேதி பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள். விசாரணைக் குழு அமைந்து, ஜூன் மாதத்தில் அறிக்கை வந்தது. அந்த ஆக்சிஜன் தொட்டி, ஏவுவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலையில் இரண்டு அங்குலம் நழுவி விழுந்திருந்தது. அதற்குள்ளிருந்த வெப்பம் காக்கும் ஸ்விட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்தவை, ஏவுதளத்தில் பாய்ச்சியதோ 65 வோல்ட். இந்தச் சங்கதிகளை அந்த இரவில் அந்த அறையிலிருந்த எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தேடியிருந்தால் மூன்று உயிர்களுக்கான நேரம் அதில் போயிருக்கும். உடனே செய்ய வேண்டிய நிதானம் ஒன்று, பிறகு செய்ய வேண்டிய நிதானம் ஒன்று. இரண்டாவதற்கு ஒரு தேதி குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நெருக்கடி தீர்ந்த மகிழ்ச்சியில் அது மறந்தே போகும்.

எங்கள் போர்மன் மறக்கவில்லை. மலர் பைண்டருக்குப் போன மறுநாள் காலை, சாக்கில் அள்ளி வைத்த எழுத்துக்களைக் கல்லின் மேல் கொட்டி, அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அறைகளில் போட ஆரம்பித்தார். நடுவில் எழுந்து போய், அந்த இரவில் சாய்ந்த இரும்புச் சட்டத்தை எடுத்து, அதை இறுக்கும் மர ஆப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. கை நழுவியதால் எழுத்துக் கொட்டவில்லை, எழுத்து உள்ளே தளர்ந்ததால்தான் கை நழுவியது. அந்தப் பாரத்தை இறுக்கியவர் போர்மனேதான். ஆப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மானேஜர் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, பையன் தவறான அறையில் போட்டிருந்த இரண்டு எழுத்துக்களை எடுத்து அதனதன் இடத்தில் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.